என் வயிற்றில் வளர்ந்த இரண்டு

ஐம்பத்தொரு வயதில், நரைத்த மீசையோடு, நான் வயிற்றில் இரண்டைச் சுமந்தேன். சிரிக்க விரும்புகிறவர்கள் இப்போதே சிரித்துவிடலாம். மெல்பேர்ன் நகரின் நோபல் பார்க்கில் எங்கள் வீதியில் இருக்கிற தமிழ்ச் சனம் எல்லாம் சிரித்து முடித்துவிட்டது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற என் மச்சான்மார் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன். பிரஷர் என் சொந்தச் சிறுநீரகங்கள் இரண்டையும் தின்றுவிட, நாலு வருஷம் டயலிசிஸில் இருந்தேன். கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் ஐந்து மணித்தியாலம், ஒரு கதிரையில் சாய்ந்து கிடப்பேன். மெஷின் என் இரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவித் திரும்ப உள்ளே விடும். அந்த நாலு வருஷமும் எனக்குச் சலம், அதாவது சிறுநீர், போகவில்லை. ஒரு சொட்டுக்கூட இல்லை. உள்ளே போகிற தண்ணீர் வெளியே வர வழியில்லாததால் தேத்தண்ணி, சொதி, குழம்பு எல்லாம் சேர்த்து நாளுக்கு முக்கால் லீட்டருக்கு மேல் குடிக்கக்கூடாது. மெல்பேர்ன் கோடையில் நாற்பது பாகை வெயிலில் ஒரு ஐஸ் கட்டியை வாயில் வைத்து அரை மணித்தியாலம் சமாளித்த மனிதன் நான். பொட்டாசியம் கூட என்பதால் வாழைப்பழமும் இளநீரும் எனக்கு நஞ்சு.

இதில் பெரிய பகிடி என்னவென்றால், நான் பஸ் டிரைவர். வருத்தம் வந்த பிறகு என்னை ரூட்டில் இருந்து எடுத்து, டிப்போவில் ட்யூட்டி போடுகிற மேசையில் இருத்தினார்கள். டிரைவர்மார் கொண்டுவருகிற முறைப்பாடுகளில் பாதி, ரூட் முடிகிற இடத்தில் ரொய்லெட் இல்லை என்பதுதான். பாவம், காலை இறுக்கிக்கொண்டு நின்று சொல்வார்கள். எனக்கு உள்ளுக்குள் பொறாமை பற்றி எரியும். எனக்கு மட்டும் ரொய்லெட் தேவைப்பட்டால் அது அடுத்த ஊரான டன்டினோங்கில் இருந்தாலும் சந்தோஷமாக நடந்தே போவேன் என்று நினைத்துக்கொள்வேன்.

போன் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை பகல். சிறுநீரகம் ஒன்று கிடைத்திருக்கிறது, உடனே வரவேண்டும் என்றார்கள். மனைவி வேலையில் இருந்து வந்தாள், யூனியில் இருந்த மகள் கிளாஸை விட்டுவிட்டு ஓடிவந்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் சத்திரசிகிச்சை டொக்டர் எங்களை இருத்தி, ஒரு வெள்ளைத் தாளில் படம் கீறி விளக்கினார். ஒன்று அல்ல, இரண்டாம். கொடுக்கிறவர் மிகவும் சின்னப் பிள்ளையாம். ஒவ்வொன்றும் ஒரு பெரிய கோழி முட்டையளவுதான் இருக்கும். தனியே ஒன்று என் உடம்புக்குக் காணாது என்பதால், இரண்டையும் பிரிக்காமல், அவற்றின் இரத்தக்குழாய்களோடு ஒரே சோடியாக என் வலது அடிவயிற்றில் வைப்பார்கள்.

அதன் நல்லது கெட்டது இரண்டையும் ஒளிக்காமல் சொன்னார். குழாய்கள் நூல் மாதிரி மெல்லியவை. முதல் சில நாட்களில் இரத்தம் கட்டிவிட்டால் இரண்டும் ஒன்றாகப் போய்விடும். அதனால்தான் முன்பெல்லாம் இப்படிச் சின்னப் பிள்ளைகளின் சிறுநீரகத்தைப் பெரியவர்களுக்கு வைக்கப் பலர் தயங்கினார்களாம். அந்தக் கண்டத்தைத் தாண்டிவிட்டால், இரண்டும் என் உடம்புக்குள்ளேயே வளரும், ஒரு வருஷத்துக்குள் பெரிய ஆட்களின் அளவுக்கு வந்துவிடும், மற்றவர்களுக்கு வைக்கிறதைவிடக் குறையாமல் நீண்ட காலம் வேலை செய்யும் என்றார். வளரும் என்ற சொல்லைக் கேட்டதும் மனைவி என் கையைப் பிடித்தாள்.

நான் ஓம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். போட்ட பிறகுதான் அது உறைத்தது. இதே நகரத்திலோ, வேறெங்கோ, ஒரு தாயும் தகப்பனும் அதே பகலில் வேறொரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் யாரென்று எனக்குச் சொல்லமாட்டார்கள், நான் யாரென்று அவர்களுக்கும் சொல்லமாட்டார்கள். பெயர் ஊர் எதுவும் இல்லாமல், ஆஸ்பத்திரி இணைப்பாளர் மூலம் ஒரு கடிதம் எழுதலாம், அவ்வளவுதான். அந்தக் கடிதத்தை எழுதுவேன் என்று அங்கேயே முடிவெடுத்தேன். ஆனால் இரண்டும் உயிரோடு தங்கும் என்று தெரிந்த பிறகுதான் எழுதுவேன். நன்றி என்று எழுதிவிட்டு, அடுத்த மாதம் அவை என்னிடமும் செத்துப்போனால், அந்தத் தாய் அந்தப் பிள்ளையை இரண்டாம் தரம் இழக்கவேண்டும். அந்தப் பாவத்தை நான் செய்யமாட்டேன் என்று மனைவியிடம் சொன்னேன். ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போதும் அதையே சொன்னேனாம்.

கண் விழித்தபோது கட்டிலின் பக்கத்தில் ஒரு பை தொங்கியது. அதில் மஞ்சளாக ஏதோ இருந்தது. நேர்ஸ் பிள்ளை குனிந்து பார்த்து, இது உங்களுடையதுதான் என்றாள். நான் நம்பவில்லை. திரும்பவும் கேட்டேன். பிறகு அழுதேன், அழுதுகொண்டே சிரித்தேன், தையல் இழுத்து நொந்தது, நொந்தாலும் சிரித்தேன். மகளிடம் போனை வாங்கி அந்தப் பையைப் படம் எடுத்து, எழுபத்தாறு பேர் இருக்கிற எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கலியாணப் படத்துக்குக்கூட அவ்வளவு இருதயக்குறி வந்ததில்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கிற சின்ன மாமா, நல்ல நிறமாக இருக்கிறது என்று எழுதினார்.

இந்தச் சந்தோஷத்தில் ஒரு பங்கு மருந்தின் வேலை என்று பிறகு சொன்னார்கள். உடம்பு புதுச் சிறுநீரகத்தைத் தள்ளிவிடாமல் இருக்கத் தருகிற ஸ்டீரோயிட் குளிசை ஆளைக் குதூகலப்படுத்துமாம், பசியையும் கிளப்புமாம். இருக்கட்டுமே. நாலு வருஷம் மூஞ்சியைத் தொங்கப்போட்டிருந்தவனுக்கு இனாமாகக் கொஞ்சம் குதூகலம் கிடைத்தால் யாருக்கு நட்டம்? வார்ட்டில் எல்லாருக்கும் கதை சொன்னேன். சுத்தம் செய்ய வருகிற வியட்நாமியருக்கு பஸ் ரூட் எல்லாம் விளக்கினேன். மனைவி என் வாயை மூடப் பார்த்துக் களைத்துப்போனாள்.

ஒவ்வொரு நாளும் ஸ்கான் எடுத்து இரத்தம் ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாம் நாள் ஸ்கான் எடுக்கிற பெண் என் வயிற்றைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். கட்டுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு வட்டம். எந்த டொக்டர் இந்த அடையாளம் போட்டது, எதற்காக என்று குறிப்பேட்டைப் புரட்டினார், வெளியே போய் இன்னொருவரைக் கூட்டிவந்தார், இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். எனக்கே ஒன்றும் விளங்கவில்லை. மூலையில் நின்ற மகள்தான் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு, அது அம்மாவின் கண்மை என்று ஆங்கிலத்தில் சொன்னாள். குழுவில் எழுபத்தாறு பேரின் கண் பட்டிருக்கிறதே என்று, நான் நித்திரையாக இருந்தபோது மனைவி நாவூறுக்குப் பொட்டு வைத்திருக்கிறாள். அந்தப் பெண் அதை அழிக்காமல் சுற்றிவரத்தான் ஸ்கான் எடுத்தார். இரண்டிலும் இரத்தம் நன்றாக ஓடியது.

வீட்டுக்கு வந்ததும் நாளுக்கு மூன்று லீட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். நாலு வருஷம் சும்மா கிடந்த என் சலப்பை சுருங்கிப் போயிருந்தது, இருபது நிமிஷத்துக்கு ஒருக்கால் ஓடவேண்டும். நான் ஓடினேன், ஆசையாக ஓடினேன், ஒவ்வொரு தடவையும் போய்விட்டு வந்து வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன். மகள் அறைக்குள் இருந்து, அப்பா, வீ கெட் இற், விளங்குது என்று கத்துவாள்.

இந்த இடத்தில்தான் கிரெய்கிபர்ன் அன்ரி வருகிறார். மனைவியின் ஊர்க்காரர், அறுபத்தெட்டு வயது, உறவு என்று ஒன்றும் இல்லை, ஆனால் எங்கள் வீட்டுக் குசினியில் எந்தப் போத்தலில் என்ன இருக்கிறது என்று என்னைவிட அவருக்குத்தான் தெரியும். ஆறாம் கிழமை, ரயில் மாறி, நகரத்தின் வடக்குக் கோடியில் இருந்து எங்கள் பக்கம் வந்து இறங்கினார். கையில் மூன்றடுக்குக் கரியர். திறந்ததும் வீடு முழுக்க மணத்தது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது, சரக்குக்கறி.

பிள்ளை பெற்ற பெண்ணுக்கு எங்கள் பக்கத்தில் கொடுக்கிற கறி அது. மஞ்சள், மிளகு, சீரகம், மல்லி, வேர்க்கொம்பு எல்லாம் அரைத்துத் திரட்டி, கைநிறைய உள்ளி போட்டுக் காய்ச்சுவார்கள். வயிற்றுப்புண் ஆறும் என்பது நம்பிக்கை. மகள் பிறந்தபோது மனைவிக்கு வைத்த சட்டியில் நான் களவாக வழித்துத் தின்று பேச்சு வாங்கியிருக்கிறேன்.

"வயித்தை வெட்டினது வெட்டினதுதானே தம்பி," என்றார் அன்ரி. "உள்ளுக்கை ரெண்டு குஞ்சு வேற கிடக்குது. குளிர் பிடிக்க விடக்கூடாது."

பகிடியாகத்தான் தொடங்கியது. ஆனால் அந்தக் கறியை வாயில் வைத்த பிறகு எனக்குப் பகிடி இல்லை. ஸ்டீரோயிட் பசி, யானைப் பசி. அன்ரி ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொண்டுவந்தார், வராத நாளில் மனைவி அவரிடம் பக்குவம் கேட்டுக் காய்ச்சினாள். காலையில் புட்டோடு, மத்தியானம் சோற்றோடு, பின்னேரம் பாணோடு. இரண்டு பெற்றவளுக்கு இரட்டைச் சரக்கு என்று அன்ரி கணக்குச் சொல்லி மஞ்சளை இரண்டு மடங்காக்கினார். இரண்டு கிழமை நான் ராசா மாதிரி இருந்தேன்.

மூன்றாம் கிழமை என் கை நடுங்கத் தொடங்கியது. தேத்தண்ணிக் கோப்பை தட்டில் கடகடவென்று அடித்தது. கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்த டொக்டரின் முகம் மாறியது. சிறுநீரகத்தைக் காக்கிற முக்கியமான மருந்து என் இரத்தத்தில் இருக்கவேண்டிய அளவைப்போல இரண்டு மடங்குக்குக் கிட்ட இருந்தது. அளவு கூடினால் அதே மருந்துதான் சிறுநீரகத்துக்கு நஞ்சு. இரண்டும் கஷ்டப்படத் தொடங்கிவிட்டன என்றார். கிரேப்ஃபுருட் சாப்பிட்டீர்களா? இல்லை. வேறு குளிசை? இல்லை. மூலிகை மருந்து, நாட்டு மருந்து ஏதாவது? இல்லவே இல்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொன்னேன். பொய் சொல்லவில்லை. கறியை யார் மருந்து என்பார்கள்?

இரத்தம் கட்டிவிட்டதோ என்று அவசரமாக ஸ்கான் எடுத்தார்கள். கட்டவில்லை. பிறகு மருந்தாளர் பெண் ஒருவர் வந்து இருந்து, வேறு விதமாகக் கேட்டார். நேற்றுக் காலை எழும்பியதில் இருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள், ஒன்றும் விடாமல் சொல்லுங்கள் என்றார். நானும் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு போனேன். சரக்குக்கறி மூன்றாம் தரம் வந்தபோது, அதற்குள் என்ன இருக்கிறது என்றார். மனைவி சொல்ல மகள் மொழிபெயர்த்தாள். மஞ்சள் என்ற இடத்தில் பேனா நின்றது. எவ்வளவு என்று கேட்டார். மனைவி உள்ளங்கையைக் குவித்துக் காட்டினாள். அவர் எழும்பிப் போய் டொக்டரைக் கூட்டிவந்தார்.

இவ்வளவு மஞ்சளும் மற்றச் சரக்கும் சேர்ந்து, ஈரல் அந்த மருந்தைக் கரைக்கிற வேலையைத் தடுத்திருக்கக்கூடும் என்றார்கள். கறியை இன்றோடு நிறுத்துங்கள், மருந்து அளவைக் குறைக்கிறோம், நாலு நாள் கழித்து வாருங்கள், இறங்குகிறதா பார்ப்போம். யாரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

காரில் ஏறியதும் நான் மனைவியை ஏசினேன். அன்ரியை ஏசினேன், அன்ரியின் கரியரை ஏசினேன். மனைவி சிக்னல் வரை பொறுத்தாள்.

"திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கித் திண்டது ஆர்?" என்றாள்.

 அந்த நாலு நாளும் எனக்குள் இருந்த குதூகலம் எங்கே போனதென்று தெரியவில்லை. ரொய்லெட்டுக்குப் போகும்போதெல்லாம் அளவுக்குவளையில் பிடித்து, குறைகிறதா என்று வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு சின்னப் பிள்ளையின் கடைசிச் சொத்தை என்னை நம்பித் தந்திருக்கிறார்கள், நான் அதை வாய் ருசிக்குத் தின்று கொல்கிறேன் என்று நினைத்தேன். பயத்தைவிட வெட்கம்தான் கூட இருந்தது. அந்தத் தாய்க்கு நான் என்னவென்று எழுதுவேன்? உங்கள் பிள்ளையினுடையதை நான் கறியால் கெடுத்துவிட்டேன் என்றா?

நாலாம் நாள் கிளினிக்கில் காத்திருந்தபோது பக்கத்துக் கதிரையில் ஒரு கிரேக்கப் பெண்மணி இருந்தார். என் நடுங்குகிற கையைப் பார்த்து எத்தனை மாதம் என்று கேட்டார். இரண்டு மாதம், சின்னப் பிள்ளையினுடையது, இரண்டு என்றேன். அவர் சட்டென்று என் முழங்காலில் தட்டி, தனக்கும் அப்படித்தான் என்று தன் வலது வயிற்றைத் தொட்டுக் காட்டினார். பதினேழு வருஷமாம். முதல் வருஷத்தில் மூன்று தரம் பயந்ததாம், இப்போது அவை தன்னைவிட உறுதியாம். எனக்கு அந்த மனுசியைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. இந்த மருந்துகளோடு தொற்று வரும் என்று கட்டிப்பிடிக்கவில்லை.

பின்னேரம் டொக்டரே போன் எடுத்தார். மருந்தளவு இறங்கிவிட்டது, சிறுநீரகங்கள் முன்பிருந்ததைவிட நல்லாக வேலை செய்கின்றன என்றார். நான் குசினியில் நின்று ஆடினேன். உண்மையாகவே ஆடினேன், மனைவி போனில் பதிந்து வைத்திருக்கிறாள். பிறகு அன்ரிக்கு எடுத்தேன். மனுசி நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம், சாமியறையை விட்டு எழும்பவில்லையாம். நல்ல செய்தியைக் கேட்டு மூக்கை உறிஞ்சிவிட்டு, இனிமேல் உங்களுக்குப் பச்சைத்தண்ணிதான் கொண்டுவருவேன் என்றார். மறுநாள் இரண்டு போத்தல் தண்ணீரோடு வந்தே விட்டார்.

அதற்குப் பிறகு வளர்ச்சிதான். ஆறாம் மாத ஸ்கானில் ஒவ்வொன்றும் ஒன்பது சென்ரிமீட்டர். கிளினிக்கில் இருந்து வரும்போதே சனம் போன் எடுத்து எவ்வளவு என்று கேட்கும். வகுப்பில் முதலாம் பிள்ளை வந்த பெருமையோடு சொல்வேன். டிப்போவில் திரும்ப ரூட்டில் ஏறினேன். இப்போது முறைப்பாடு எழுதிக் கொடுப்பதில் நான்தான் முதல் ஆள், எந்த முடிவிடத்தில் ரொய்லெட் இல்லை என்று எனக்கு மனப்பாடம்.

ஒரு வருஷம் முடிய, பத்தரை சென்ரிமீட்டர். இவை இனிப் பெரிய ஆளின் சிறுநீரகங்கள்தான், தனியாகக் கவலைப்பட ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்னார். அன்று பின்னேரமே நான் கடிதம் எழுத இருந்தேன்.

நன்றி என்று தொடங்கினேன், அந்தச் சொல் போதவில்லை. பெரிய பெரிய வசனங்கள் எழுதினேன், எல்லாம் மேடைப்பேச்சு. கடைசியில் நான் உண்மையாக என்ன சொல்ல விரும்புகிறேனோ அதைத் தமிழில் எழுதினேன். நான் நாலு வருஷம் சலம் போகாமல் இருந்த மனிதன். உங்கள் பிள்ளையின் இரண்டும் என்னிடம் நன்றாக வளர்ந்துவிட்டன, பெரிதாகிவிட்டன. நான் இப்போது நாளுக்குப் பத்துத் தடவை ரொய்லெட்டுக்குப் போகிறேன், ஒவ்வொரு தடவையும் பெருமையோடு போகிறேன், வீட்டில் இருக்கிறவர்களைக் கூப்பிட்டுச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. என் சந்தோஷத்தை மன்னித்துக்கொள்ளுங்கள்.

மகள் மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

"அப்பா, நோ. பிள்ளையை இழந்த ஒரு அம்மாவுக்குச் சலம் போறதைப் பற்றி எழுதுவீங்களா? வளர்ந்திட்டுது எண்டும் எழுதாதேங்கோ, இற்ஸ் குரூவல்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் தாளை மடிக்கப் போனேன். மனைவி, நனைந்த கையோடு குசினியில் இருந்து வந்து, அதை வாங்கி ஒருக்கால் வாசித்தாள்.

"நானெண்டால் இதைத்தான் அறிய விரும்புவன்," என்றாள். "உள்ளபடி அனுப்புங்கோ."

மகள் பெருமூச்சு விட்டு மொழிபெயர்த்தாள். இணைப்பாளர் வாசித்துப் பார்த்து, பெயர் ஊர் ஒன்றும் இல்லை, அனுப்பலாம் என்றார். பதில் வராமலே இருக்கலாம், பலர் எழுதுவதில்லை என்றும் சொன்னார். இரண்டு மாதம் வரவில்லை. மகள் சொன்னதுதான் சரி, அந்த மனுசியின் நெஞ்சில் குத்திவிட்டேன் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொரு தாயின் முகத்தையும் பார்த்து வெட்கப்பட்டேன்.

மூன்றாம் மாதம் ஒரு சனிக்கிழமை காலை அது வந்தது. ஒரு சின்ன அட்டை, கையெழுத்து. மகள் கதவடியிலேயே நின்று வாசித்துத் தமிழில் சொன்னாள்.

எங்கள் மகன் நாப்பி கட்டுவதை விட்டு, ரொய்லெட்டுக்குப் போகத் தொடங்கி ஆறு கிழமைதான் ஆகியிருந்தது என்று அந்தத் தாய் எழுதியிருந்தார். ஒவ்வொரு தடவையும் தானே போய்விட்டு, அறைக்கு அறை ஓடி, வீட்டில் யார் இருந்தாலும் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவானாம். கடைசி ஆறு கிழமையும் அந்த வீட்டில் அதுதான் பெரிய கொண்டாட்டமாம். உங்கள் கடிதத்தை நானும் கணவரும் சத்தமாகச் சிரித்து வாசித்தோம், அந்த நாளுக்குப் பிறகு நாங்கள் சிரித்தது அதுதான் முதல் தரம். மன்னிக்க ஒன்றுமில்லை. தயவுசெய்து தொடர்ந்து எல்லாரையும் கூப்பிடுங்கள்.

மகளால் கடைசி வரியை முடிக்க முடியவில்லை, அட்டையை என் கையில் தந்துவிட்டாள். நான் நேரே ரொய்லெட்டுக்குப் போனேன். காலையில் குடித்த ஒரு லீட்டர் தண்ணீர் காத்திருந்தது. போய்விட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மனைவியையும் மகளையும் கூப்பிட்டேன். இரண்டு பேரும் வந்து வாசலில் நின்று பார்த்தார்கள்.